5 லட்ச ரூபாய் அட்டையும் ஓ.பி. சீட்டும்: வடசென்னையில் இலவச மருத்துவம் எந்த வாசலில் கிடைக்கிறது?

பையில் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை இலவசம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காய்ச்சலோடு தனியார் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் "இதுக்கு அட்டை செல்லாதுங்க, முன்பணம் கட்டுங்க" என்கிறார்கள். அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கால் எலும்பு முறிந்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்கிறார். ஒரு பைசா வாங்காத அந்த இடத்தில் "அட்டை எங்கே, சீக்கிரம் கொண்டு வாங்க" என்று நாலு முறை கேட்கிறார்கள். காசு கேட்கும் இடத்தில் அட்டை செல்லவில்லை. காசே கேட்காத இடத்தில் அட்டை இல்லாமல் விடமாட்டேன் என்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், "இலவசம்" என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு ஏற்பாடுகள் கிடப்பதுதான். ஒன்று, அரசு ஆஸ்பத்திரியின் இலவசம். இன்னொன்று, காப்பீட்டின் இலவசம். மூன்றாவது, சம்பளத்தில் பிடித்தம் செய்து கிடைக்கும் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. இவை போக, விபத்துக்கென்று தனி ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு, காட்ட வேண்டிய காகிதம் வேறு. ஒரு வாசலின் காகிதத்தை இன்னொரு வாசலில் நீட்டும்போதுதான் பணம் போகிறது.

அடிப்படை: அரசு ஆஸ்பத்திரிக்கு வருமானச் சான்று தேவையில்லை

ஸ்டான்லி அரசு மருத்துவமனையை வடசென்னைப் பெரியவர்கள் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொல்வார்கள். 1782-இல் பஞ்சக் காலத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அந்த இடத்தை ஒட்டி 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் ஏழைகளுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் வந்ததெல்லாம் 1930-களில். கஞ்சி வாங்க வந்தவரிடம் சான்றிதழ் கேட்காத அந்த வழக்கம், சட்டதிட்டம் எத்தனையோ மாறியும், ஓ.பி. சீட்டுக் கவுன்டரில் இன்றும் நிற்கிறது. பெயர், வயது, ஊர் சொன்னால் சீட்டு. மருத்துவர் பார்ப்பது, படுக்கை, அறுவைச் சிகிச்சை, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தரும் மருந்து எதற்கும் கட்டணம் கிடையாது. மாதம் 8,000 சம்பாதிப்பவருக்கும் 80,000 சம்பாதிப்பவருக்கும் இதே விதிதான்.

மருந்து எப்படி இலவசமாகிறது என்பதையும் சொல்லிவிடலாம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுக்க உள்ள அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தை அது மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. பட்டியலில் உள்ள மருந்து கவுன்டரில் கிடைக்கும். பட்டியலில் இல்லாததையோ, அன்றைக்கு இருப்பு தீர்ந்ததையோ எழுதிக் கொடுத்தால்தான் வெளியே வாங்கும் நிலை வரும். அப்படி எழுதிக் கொடுத்தால், உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாமல் "இதே மருந்து உள்ளே வேறு பெயரில் இருக்கா?" என்று ஒரு முறை கேட்பது வீண் பேச்சு அல்ல. பல நேரம் இருக்கும்.

கட்டணம் உள்ள இடங்களும் உண்டு. மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்பது நீண்டகாலமாக இருந்துவரும் அடிப்படைக் கட்டணம். வெளியே இதைவிடப் பல மடங்கு ஆகும். ஆனாலும் தினக்கூலிக்காரருக்கு 2,500 பெரிய தொகைதான். காப்பீட்டு அட்டை அரசு ஆஸ்பத்திரியிலும் நோயாளிக்கு நேரடியாக உதவும் இடங்களில் இது ஒன்று.

வடசென்னையில் எதற்கு எங்கே போவது என்பது ஓரளவு பிரிந்தே இருக்கிறது:

1. பழைய சிறைச்சாலை சாலையில் ஸ்டான்லி. பெரிய அறுவைச் சிகிச்சை, இதயம், சிறுநீரகம், கல்லீரல். கை அறுவைச் சிகிச்சைக்குத் தனிப்பெயர் பெற்றது. எந்திரத்தில் விரல் மாட்டிக்கொண்டால் யோசிக்காமல் போக வேண்டிய இடம்.

2. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று சுருக்கிச் சொல்லும் ராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை. பிரசவத்துக்கு.

3. தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை. காலரா, தொண்டை அடைப்பான், அம்மை போன்றவற்றுக்கு.

4. ஓட்டேரியில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய்க்கு மருந்து முழுக்க இலவசம். அதோடு, சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்பு இது 500 ஆக இருந்தது.

5. கொளத்தூர் பெரியார் நகரில் 2025 பிப்ரவரியில் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்ட பெரியார் அரசு மருத்துவமனை. பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கத்தவர்களுக்கு ஸ்டான்லி வரை போகும் அலைச்சலைக் குறைக்கிறது.

சளி, சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு இவை எதுவும் வேண்டாம். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 இடங்களில் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும் என்று நேரம் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் ஒரு நாள் கூலியை இழக்காமல் மாத்திரை வாங்க வேண்டும்.

அட்டை என்பது பணம் அல்ல

இப்போது காப்பீடு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. யுனைடெட் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம் காப்பீடு தருகிறது.

5 லட்சம் என்பதை வங்கி இருப்பு மாதிரி நினைத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. அது உச்சவரம்பு. உள்ளே இருப்பது ஒரு பட்டியல்: இன்ன அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு, இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகுப்புத் தொகை எழுதியிருக்கும். அந்தத் தொகைக்குள் படுக்கை, பரிசோதனை, மருந்து, மருத்துவர் கட்டணம், சாப்பாடு எல்லாம் அடக்கம். ஆஸ்பத்திரி அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது. "காப்பீடு இவ்வளவுதான் தரும், மீதி 40,000 நீங்க கட்டுங்க" என்றால் அது திட்டத்தின் விதிக்கு எதிரானது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.

"செல்லாது" என்று சொல்லப்படும்போது பின்னால் இருக்கும் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று:

1. நோய் பட்டியலில் இல்லை. வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு வருவதற்குக் காப்பீடு கிடையாது. சாதாரணக் காய்ச்சலுக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதற்கும் பொதுவாகக் கிடையாது.

2. ஆஸ்பத்திரி திட்டத்தில் இல்லை. அல்லது ஆஸ்பத்திரி இருக்கிறது, அந்தப் பிரிவு இல்லை. கண்ணுக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் இதயத்துக்கு அட்டையை நீட்டிப் பயனில்லை. வாசலில் திட்டத்தின் பலகை தொங்குவது பாதித் தகவல்தான்.

3. சிகிச்சை பட்டியலில் இருக்கிறது, ஆனால் அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

4. முன் அனுமதி வாங்கவில்லை.

இந்த நாலாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி நோயாளியின் அறிக்கைகளைக் கணினியில் ஏற்றி, காப்பீட்டுத் தரப்பிடமிருந்து ஒப்புதல் வந்த பிறகு சிகிச்சை தொடங்குவதுதான் முன் அனுமதி. உயிருக்கு ஆபத்து என்றால் தொலைபேசியிலேயே தகவல் சொல்லி ஒப்புதல் வாங்கும் வழியும் உண்டு. திட்டம் முழுக்க ரொக்கமில்லாத் திட்டம். அதாவது, காசு கட்டி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, பில்லை எடுத்துப் போய் "திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. நகையை அடகு வைத்து, முதலில் கட்டிவிடுவோம், அட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பம் இழப்பது இங்கேதான். சேர்க்கும் நேரத்தில், கையெழுத்துப் போடும் முன்பே, "முதல்வர் காப்பீட்டில் சேர்க்கிறீர்களா, காசு கட்டும் நோயாளியாகச் சேர்க்கிறீர்களா?" என்று கேட்டாக வேண்டும். காசு கட்டும் நோயாளி என்று பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும் பாடு.

தனியார் ஆஸ்பத்திரிகள் தயங்குவதற்கும் காரணம் தெரிந்ததே. தொகுப்புத் தொகை அவர்கள் வெளியில் வாங்கும் கட்டணத்தைவிடக் குறைவு, பணம் வரவும் நாளாகும். அதற்காகத் திட்டத்தில் சேர்ந்துவிட்டுத் தட்டிக்கழிப்பதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் எங்கே முட்டுகிறது என்று தெரிந்தால் கேள்வியைச் சரியாகக் கேட்கலாம்.

இலவச ஆஸ்பத்திரியில் அட்டை எதற்கு?

அரசு ஆஸ்பத்திரி ஒரு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளியிடம் அட்டை இருந்தால், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவது போலவே அந்த அரசு ஆஸ்பத்திரிக்கும் காப்பீட்டிலிருந்து தொகை வருகிறது. அந்தப் பணத்தில் உள்ளே வைக்கும் மூட்டு, எலும்பை இணைக்கும் தட்டு, ரத்தக்குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் போன்ற விலையுயர்ந்த பொருள்களை வாங்குகிறார்கள். கருவிகளைப் பழுது பார்க்கிறார்கள். ஒரு பங்கு, சிகிச்சை அளித்த குழுவுக்கு ஊக்கத்தொகையாகப் போகிறது. வார்டில் அட்டை அட்டை என்று கேட்பது இதனால்தான். நோயாளியைக் கழித்துக்கட்டும் தந்திரம் என்று சிலர் நினைத்துக் கோபப்படுகிறார்கள், அப்படி இல்லை.

அட்டை இல்லை என்பதற்காக அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்க முடியாது. ஆனால் ஸ்டென்ட் போன்ற பொருள் தேவைப்படும் திட்டமிட்ட சிகிச்சைக்கு, அட்டை இருந்தால் வேலை வேகமாக நகரும். இல்லாவிட்டால் பொருள் வரக் காத்திருக்க நேரலாம். உறுப்பு மாற்று, காது கேளாத குழந்தைகளுக்கான உள்காது கருவி போன்ற பெரிய செலவுகளுக்குத் திட்டத்தில் தனி நிதியும் இருக்கிறது. வரம்பைத் தாண்டும் சிகிச்சை என்று சொன்னால் அந்த நிதியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

யாரைக் கேட்பது? திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் தொடர்பு அலுவலர் இருப்பார். அரசு ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று அறையும் வார்டு மேனேஜரும் இருப்பார்கள். டாக்டரிடம் கேட்டால் அவருக்கே முழுதாகத் தெரியாமல் இருக்கலாம்.

அட்டை வாங்குவது: சிக்கல் ரேஷன் கார்டில்

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி. பதிவு மையம் இருப்பது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில்; சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். திருவொற்றியூர், மணலி, எண்ணூர், மாதவரம் எல்லாம் 2018 முதல் சென்னை மாவட்டம். திருவள்ளூர் வரை போக வேண்டிய காலம் முடிந்தது.

கொண்டு போக வேண்டியவை மூன்று: ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட வருமானச் சான்று. சென்னைக்குள் ஏது கிராமம் என்று சிரிக்க வேண்டாம். தண்டையார்பேட்டைக்கும் பெரம்பூருக்கும் வி.ஏ.ஓ. இருக்கிறார், வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

வருமானச் சான்று வாங்கிவிடலாம். இடறுவது வேறு இடத்தில். ரேஷன் கார்டை எடுத்து வெளிச்சத்தில் ஒரு முறை படித்துப் பாருங்கள். திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். அந்தப் பெற்றோரின் பெயர் இந்தக் கார்டிலேயே இருக்க வேண்டும். ஆந்திர எல்லையோரக் கிராமத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து பத்து வருஷமாகத் தங்கியிருக்கும் அம்மாவின் பெயர் ஊர்க் கார்டிலேயே கிடக்கும். கல்யாணமாகிப் போன மகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டில் இருக்கும், புகுந்த வீட்டில் அவளுக்குக் காப்பீடு இல்லை. ஆதாரில் "செல்வி", கார்டில் "செல்வராணி". முப்பது வருஷமாக யாரும் கண்டுகொள்ளாத இந்த வேறுபாடு, அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் கணினித் திரையில் வந்து நிற்கும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, வேலை கிடைக்கும் வரை, கல்யாணம் ஆகும் வரை, 25 வயது வரை: எது முந்துகிறதோ அதுவரைதான்.

வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கே ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்பவர்களுக்கும், தொழிலாளர் துறையின் சான்றோடு, இந்தத் திட்டத்தில் இடம் உண்டு. மணலி, மாதவரம் பக்கம் குடோன்களில் வேலை பார்க்கும் பிகார், ஒடிசா இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது?

மாதம் 10,000 என்ற கோடு

1,20,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,000. குடும்பம் முழுவதற்கும். கொத்தனாரோடு போகும் சித்தாள்கூட ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்று 20 நாள் போனால் 12,000 வாங்கிவிடுகிறார். வாடகையே 6,000, 7,000 என்று போகும் ஊரில் இந்த வரம்பு மிகக் குறைவு என்பதே என் கணிப்பு. 72,000 ஆக இருந்ததைவிட மேல் என்பது மட்டும் சமாதானம்.

இந்தக் கோட்டுக்கு மேல் இருப்பவர்களில் ஒரு பகுதிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால், பதிவுக்கு உட்பட்ட நிறுவனம் தொழிலாளியைச் சேர்த்தே ஆக வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 சம்பளத்தில் தொழிலாளிக்குப் பிடித்தம் சுமார் 113 ரூபாய். அதற்குக் குடும்பத்துக்கே மருத்துவம். வடசென்னைக்குப் பக்கத்தில் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை. நோயாளியாகப் படுத்திருக்கும் நாள்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். முதல்வர் காப்பீட்டில் இது இல்லை.

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்று இருந்தும் கார்டு எண் தரப்படாதவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே உண்டு. பணம் பிடித்திருந்தால் எண் இருந்தாக வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது, நோய் வந்தபின் செய்யும் வேலை அல்ல.

பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதித்து, ஈ.எஸ்.ஐ.யும் இல்லாமல் நிற்பவர் ஆட்டோ ஓட்டுபவர், மீன் வியாபாரம் செய்யும் அம்மா, டெலிவரி வேலை செய்யும் பையன். இவர்களுக்கு இரண்டு வாசலும் மூடியிருக்கிறது. திறந்திருப்பது சான்று கேட்காத அந்த முதல் வாசல், ஓ.பி. சீட்டு. அரசு ஆஸ்பத்திரியைக் "கடைசியில் போகும் இடம்" என்று ஒதுக்கி, முதல் மூன்று நாளில் 60,000 செலவழித்துவிட்டுக் கையில் காசு தீர்ந்தபின் ஸ்டான்லிக்கு வருபவர்களில் பெரும்பகுதி இவர்களே.

ராத்திரி இரண்டு மணிக்கு

காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்துக்கு ஐஸ் உடைக்கும் ஒருவருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, இடது கை மரத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே அட்டையைத் தேடும் நேரம் இல்லை. 108-ஐ அழைக்க வேண்டும். ஸ்டான்லி சில கிலோமீட்டரில். அடைப்பை நீக்கும் சிகிச்சை அங்கேயே உண்டு. அடையாளச் சீட்டு எதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்குத் தேவையில்லை. வீட்டில் இன்னொருவர் நிதானமாக எடுத்து வரலாம். பக்கத்தில் தனியார் ஆஸ்பத்திரிதான் இருக்கிறது என்றால் அங்கும் முதலுதவி செய்தாக வேண்டும். அரசோ தனியாரோ, உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. உயிர் நிலைப்படும் வரைதான் அந்தக் கடமை என்பதையும் மறக்கக் கூடாது. அதன் பிறகான ஐ.சி.யூ. செலவுக்கு அந்தத் தீர்ப்பு பொறுப்பேற்காது.

சாலை விபத்து என்றால் நிலைமை இன்னும் தெளிவு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி தனியாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை தேவையில்லை, வருமான வரம்பு இல்லை, எந்த மாநிலத்தவர் என்ற கேள்வியும் இல்லை. இது போக, 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள், ஒருவருக்கு 1.5 லட்சம் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை உண்டு. அடிபட்டவரைத் தூக்கிப் போய்ச் சேர்த்தவரிடம் பணம் கேட்கவோ, சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தவோ சட்டத்தில் இடமில்லை.

தனியாரில் சேர்ந்தாகிவிட்டது, பணம் தீர்கிறது

1. உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள். நாளுக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் மூன்றாம் நாளா ஐந்தாம் நாளா என்று முடிவெடுக்கலாம்.

2. அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதென்றால் முன்கூட்டி மாற்றுங்கள். வென்டிலேட்டரில் இருக்கும்போது மாற்றுவது ஆபத்து. அதற்கு முந்தின நாள் அவ்வளவு இல்லை. மாற்றும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி.

3. பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்பது 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. பாக்கி என்பது கடன். அதை வசூலிக்க வேறு வழி உண்டு.

4. "அறக்கட்டளை ஆஸ்பத்திரி எல்லாம் 10 சதவீதப் படுக்கையை ஏழைகளுக்கு ஒதுக்கணும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி மகாராஷ்டிரத்தின் பொது அறக்கட்டளைச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டது. அதைக் காட்டி இங்கே சண்டை போட்டால் நேரம்தான் வீண். இங்குள்ள மிஷன், அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் சில சலுகை தருகின்றன. சமூகப் பணியாளரைப் பார்த்துக் கேட்டால் கிடைக்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது.

5. முதல்வர் பொது நிவாரண நிதி, பிரதமர் தேசிய நிவாரண நிதி இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீட்டுச் சான்று இல்லாமல் மனு நகராது. திட்டமிட்ட சிகிச்சைக்குத்தான் இது பொருந்தும். இன்றைக்கு ராத்திரிக்கு உதவாது.

கணக்கில் வராத செலவு

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம் என்று சொன்ன பிறகும் குடும்பம் கடன் வாங்குகிறது. ஸ்ட்ரெச்சர் தள்ள, குழந்தை பிறந்ததைச் சொல்ல என்று கை நீட்டும் பழக்கம் இன்னும் முழுக்க ஒழியவில்லை. கேட்டால் நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லலாம். ஆனால் நம் ஆள் உள்ளே படுத்திருக்கும்போது யார் புகார் எழுதுவார்கள் என்ற பயம்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய செலவு, கூட இருப்பவருடையது. எலும்பு முறிவு வார்டில் ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு நாள் என்றால், பகலில் ஒருவர், இரவில் ஒருவர் வேண்டும். ஆஸ்பத்திரி நோயாளிக்குப் பாலும் ரொட்டியும் சாதமும் தருகிறது. கூட இருப்பவருக்குத் தராது. வளாகத்து அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மூன்று வேளைக்கும் 20 ரூபாயில் வயிறு நிறையும். பன்னிரண்டு நாளைக்கு 240. நாள் கூலி 700 வாங்குபவர் அந்தப் பன்னிரண்டு நாளும் வேலைக்குப் போகவில்லை என்றால் 8,400. எந்த அட்டையிலும் இந்தத் தொகைக்கு இடமில்லை.